எம்.ஜி.ஆர். திட்டில் ஒரு நடை

கடலூர் சிப்காட்டின் பின்னால் ஓடும் உப்பனாறு நேரே கடலுக்குப் போகாது. கரைக்கு இணையாகவே ஓடும். நடுவில் மணல் பட்டை. அலை ஒதுக்கும் மணல் இப்படித்தான் நிற்கும், ஆறு அதை அங்கங்கே வெட்டினால் திட்டு. பிள்ளைகளோடு நடந்து பார்க்க, தெற்கே சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்துக்கு முன்னால் இருக்கும் எம்.ஜி.ஆர். திட்டு நல்ல இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி.

இங்கே ஒரு மீனவர் குப்பம் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அழிந்தது. பிழைத்தவர்கள் நிலப்பக்கம் குடியேறினார்கள். 'அலையாத்திக் காடு காப்பாற்றியது' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் காடு திட்டுக்குப் பின்னால் இருக்கிறது!

பரங்கிப்பேட்டையில் இருந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-ல் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு உயிரிழப்பைக் குறைத்தது என்றார்கள். அடுத்த வருஷமே கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் அதே தரவை மறுபடி அலசி, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. திட்டில் நின்று மேடு எங்கே என்று பசங்களைத் தேடச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

காலையிலேயே போங்க. நிழல் கிடையாது, தண்ணீர், தொப்பி கட்டாயம். முகத்துவாரத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம். அன்றைக்குத் திட்டு வரை படகு போகுமா, திரும்ப எப்போது வரும் என்பதைப் படகுக்காரரிடம் ஏறுவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.