ஐந்து நகரங்கள், ஒரே கருவூலம்: போர் வியூக விளையாட்டில் கிரேக்கத் தரப்பை நடத்துவது ஏன் கடினம்?

சிசிலித் தீவில் ஒரு துறைமுகம், கிரேக்க நிலப்பரப்பில் இரண்டு நகரங்கள், ஈஜியன் கடலில் ஒரு தீவு, ஆசியா மைனரின் மேற்கில் ஒரு கோட்டை நகரம். இவ்வைந்தையும் ஒரே அரசு எனக் கூறி ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கிறது ‘ரோம்: டோட்டல் வார்’ என்னும் கணினி விளையாட்டு. ஒரு நகரத்துக்கு ஆபத்து நேர்ந்தால் மற்றொன்றிலிருந்து உதவி அனுப்பக் கடலையோ, பிறர் நிலத்தையோ கடந்தாக வேண்டும். ‘கிரேக்க நகரங்கள்’ எனப் பெயரிடப்பட்டுள்ள இத்தரப்பு, அவ்விளையாட்டின் கடினமான தொடக்கங்களுள் ஒன்றாக அறியப்படுகிறது.

இந்தக் கடினத்தின் பெரும்பகுதி வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதே வேளையில், ஒரே ஒரு முக்கியமான இடத்தில் விளையாட்டு வரலாற்றை விட்டு விலகுகிறது. அந்த விலகல்தான் ஆட்டக்காரர் வெற்றிபெற வழி திறக்கிறது.

விளையாட்டின் அமைப்பு

பிரிட்டனைச் சேர்ந்த கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு 2004-ஆம் ஆண்டு வெளியானது. பின்னர் கைப்பேசிகளுக்கும் கொண்டுவரப்பட்டது. 2021-இல் அதன் மேம்படுத்தப்பட்ட பதிப்பு வெளியிடப்பட்டது.

விளையாட்டு இரு தளங்களில் நடைபெறுகிறது. முதல் தளம், மத்தியதரைக் கடல் உலகின் வரைபடம். அதில் வரி, கட்டுமானம், படைதிரட்டல், தூது ஆகியவற்றை ஆட்டக்காரர் முடிவுசெய்கிறார். ஒவ்வொரு சுற்றும் அரையாண்டைக் குறிக்கும். கி.மு. 270-இல் தொடங்கும் காலக்கணக்கு கி.பி. 14 வரை நீள்கிறது. முழு வெற்றிக்கு ரோம் நகரம் உள்பட 50 மாகாணங்களைக் கைப்பற்ற வேண்டும். இரண்டாவது தளம் போர்க்களம். இரு படைகள் சந்திக்கும்போது, ஆட்டக்காரரே தளபதியாக நின்று படைப்பிரிவுகளை நேரடியாக நடத்தலாம்.

மூலப் பதிப்பில் தொடக்கத்தில் மூன்று ரோமானியக் குடும்பங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். கிரேக்கம் உள்ளிட்ட பிற தரப்புகள் பின்னரே திறக்கும். ஆகையால் கிரேக்கத் தரப்பை ஏற்பவர், ரோமின் பக்கம் நின்று அதன் வலிமையை ஏற்கெனவே கண்டவராக இருப்பார். இனி அதே வலிமை தன்னை நோக்கி வருவதை அவர் எதிர்கொள்ள வேண்டும்.

நான்கு திசையிலும் நெருக்கடி

தொடக்கத்தில் கிரேக்கர் வசம் இருப்பவை ஸ்பார்ட்டா, தெர்மான், சிராக்கூஸ், ரோட்ஸ், பெர்கமான் ஆகியவை. ஸ்பார்ட்டாவுக்கு வடக்கே கொரிந்து மாசிடோனியாவின் கையில் உள்ளது. லாரிசாவும் தெசலோனிக்காவும் அவ்வாறே. ஏதென்ஸ் எந்தப் பேரரசுக்கும் உட்படாத நகரமாகக் காட்டப்படுகிறது. கிழக்கே பெர்கமானுக்கு அருகில் செலூக்கியப் பேரரசின் சார்டிஸ் நகரம் உள்ளது.

மேற்கே நிலைமை மேலும் இறுக்கமானது. சிசிலித் தீவு மூன்றாகப் பிரிந்துள்ளது. சிராக்கூஸ் கிரேக்கர் வசம், மெசானா ரோமின் சிப்பியோ குடும்பத்தின் வசம், லிலிபேயம் கார்தேஜ் வசம். இத்தாலியின் தெற்கில் டாரெண்டம், குரோட்டன் ஆகிய நகரங்களை வைத்திருக்கும் புருட்டி குடும்பத்தின் பார்வை, குறுகிய கடலுக்கு அப்பால் உள்ள அப்பல்லோனியா மீதும், அதன் வழியாகக் கிரேக்க நிலப்பரப்பின் மீதும் பதிகிறது.

மூன்று ரோமானியக் குடும்பங்களும், ரோம் நகரை வைத்திருக்கும் செனட்டும் ஒரே கூட்டணி. ஒரு குடும்பத்தோடு மோதினால் மற்றவையும் பகையாகும். எனவே சிசிலியில் எடுக்கும் ஒரு முடிவு, அடுத்த சில ஆண்டுகளில் தெர்மானின் வாயிலில் வந்து நிற்கக்கூடும்.

சிராக்கூசை என்ன செய்வது?

இத்தரப்பை ஏற்பவர் எதிர்கொள்ளும் முதல் பெரிய கேள்வி இதுவே. மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தற்காத்து நிற்பது. இருக்கும் வருவாயில் பெரும்பகுதியைச் சிராக்கூசின் மதிலுக்கும் காவற்படைக்கும் செலவிட வேண்டும். அவ்வாறு செய்தால் கிரேக்க நிலப்பரப்பில் மாசிடோனியாவை எதிர்க்கப் பணம் எஞ்சாது.

இரண்டாவது, கைவிடுவது. தூதர் மூலம் ஒரு மாகாணத்தைப் பிற தரப்புக்கு அளிக்கவும், அதற்கு ஈடாகப் பணம் கேட்கவும் விளையாட்டில் இடமுண்டு. சிராக்கூசை விட்டுக்கொடுத்தால் மேற்கு எல்லையே இல்லாமற் போகும். ஆனால் வளமான ஒரு துறைமுகமும் அதனோடு போய்விடும். இன்னொரு இழப்பும் உண்டு. இத்தரப்பின் மிகச் சிறந்த காலாட்படையான ஸ்பார்ட்டா வீரர்களை ஸ்பார்ட்டாவிலும் சிராக்கூசிலும் மட்டுமே திரட்ட இவ்விளையாட்டு அனுமதிக்கிறது. வரலாற்றில் சிராக்கூஸ், கொரிந்து மக்கள் அமைத்த குடியேற்றம் ஆகும். ஸ்பார்ட்டா மக்கள் இத்தாலியில் அமைத்தது டாரெண்டம்.

மூன்றாவது, முந்திக்கொள்வது. சிப்பியோ குடும்பம் வலுப்பெறும் முன் மெசானாவைத் தாக்கினால், சிசிலியில் ரோமின் கால் ஊன்றல் தற்காலிகமாக அகலும். அதற்கான விலை, ரோம் முழுவதோடும் போர். அப்போரை எப்போது ஏற்பது என்பதைத் தானே தீர்மானிக்கலாம் என்பதே இவ்வழியின் ஒரே நன்மை.

மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கலாகாது. ஐந்து நகரங்களையும் ஒரே அளவில் காக்க முயல்பவர், எங்கும் போதிய படையில்லாமல் ஒவ்வொன்றாக இழக்க நேரிடும். எந்த நகரம் தற்போதைக்குக் காத்திருக்கலாம், எந்த நகரம் காத்திருக்க இயலாது எனப் பிரித்தறிவதே தொடக்கச் சுற்றுகளின் வேலை.

முன்புறம் மதில், பக்கவாட்டில் வாசல்

போர்க்களத்திலும் இதே இரட்டை இயல்பு தொடர்கிறது. கிரேக்கப் படையின் அடிப்படை, ஈட்டியும் கேடயமும் ஏந்தி நெருக்கமாக அணிவகுக்கும் ‘ஹாப்லைட்’ வீரர்கள். ‘ஃபேலங்ஸ்’ எனப்படும் அவ்வணிவகுப்பில் முன்வரிசைகளின் ஈட்டிகள் ஒரே திசையில் நீண்டு நிற்கும். அதை முன்புறமாகத் தாக்கும் குதிரைப்படை அழியும், காலாட்படை தடுமாறும்.

ஆனால் அணி திரும்புவதற்கு நேரம் பிடிக்கும். திரும்பும் பொழுதில் வரிசை குலையும். அப்போது பக்கவாட்டிலோ பின்புறத்திலோ பகைவர் புகுந்தால் ஈட்டிகள் பயன்படா. மேலும், கிரேக்கத் தரப்பிடம் கனரகக் குதிரைப்படை இல்லை. மாசிடோனியாவின் குதிரைவீரரையும், எறிவேல் வீசிவிட்டு வாளோடு நெருங்கும் ரோமானியக் காலாட்படையையும் வெட்டவெளியில் சந்திப்பது ஆபத்தானது.

ஆகவே, பக்கவாட்டே இல்லாத இடங்களைத் தேடுவது அனுபவமுள்ள ஆட்டக்காரரின் வழக்கம். பாலத்தின் முனை, மலைச்சரிவுக்கிடையே உள்ள வழி, மதில் உடைந்த நகரத்தின் தெரு ஆகியவை அத்தகையன. ஒரு தெருவின் அகலம் முழுவதும் நிற்கும் இரண்டு ஹாப்லைட் பிரிவுகள், தம்மைவிடப் பல மடங்கு பெரிய படையைத் தடுத்து நிறுத்தும். பின்னால் வில்லாளர்களை நிறுத்தினால் பயன் கூடும். முற்றுகைக்கு உள்ளாவது பிற தரப்புகளுக்குத் தீமை. கிரேக்கருக்கோ பல வேளைகளில் அதுவே விரும்பத்தக்க போர்.

இந்தப் படம் வரலாற்றுக்குப் பெரிதும் பொருந்துகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், ஃபேலங்ஸ் அணியையும் ரோமானியப் படையையும் ஒப்பிட்டுள்ளார். முன்புறத் தாக்குதலில் ஃபேலங்ஸை எதிர்த்து நிற்க எதனாலும் இயலாது என்றும், அதற்குத் தடையற்ற சமதளம் தேவை என்றும், அத்தகைய நிலம் கிடைப்பது அரிது என்றும் அவர் விளக்குகிறார். கி.மு. 197-இல் கினோஸ்கெபாலே போரில் மாசிடோனியாவின் வலப்பக்க அணி முன்னேறிக்கொண்டிருந்தபோது, ரோமானியப் படையின் ஒரு பகுதி திரும்பி அதன் பின்புறத்தைத் தாக்கியது. கி.மு. 168-இல் பிட்னாவில், மேடுபள்ளமான தரையில் அணியிடையே தோன்றிய இடைவெளிகளில் ரோமானியர் புகுந்தனர்.

பணமும் மக்களும்

கிரேக்கத் தரப்பின் உண்மையான பலம் கடலில் உள்ளது. ஐந்து நகரங்களில் துறைமுகம் அமைப்பதும், எட்டும் தூரத்தில் உள்ள தரப்புகள் அனைத்தோடும் தூதர் மூலம் வணிக உடன்பாடு செய்வதும் முதல் சுற்றுகளிலேயே தொடங்கப்பட வேண்டும். ரோட்ஸ் தீவில் உள்ள பெருஞ்சிலை, அதை வைத்திருக்கும் தரப்புக்குக் கடல் வணிக வருவாயைக் கூட்டித் தருகிறது. நகரங்களைச் சிதறடித்து வைத்திருக்கும் அதே கடல்தான் அவற்றுக்கு உணவளிக்கிறது.

மற்றொரு வரம்பு மக்கள்தொகை. இவ்விளையாட்டில் திரட்டப்படும் ஒவ்வொரு படைப்பிரிவின் எண்ணிக்கையும் அந்நகரின் மக்கள்தொகையிலிருந்து கழிக்கப்படும். சிறிய நகரத்தில் தொடர்ந்து படை திரட்டினால், அடுத்த நிலைக்கு நகரம் வளராது. சிறந்த படைவீரரைப் பயிற்றுவிக்கும் கட்டடங்களும் கிடைக்கா.

ஸ்பார்ட்டாவின் வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டா மக்கள் 700 பேருக்கு மேல் இல்லை என்றும், அவர்களுள் நிலவுடைமை பெற்றிருந்தோர் சுமார் 100 பேரே என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார்.

விளையாட்டு விலகும் இடம்

கி.மு. 270-இல் ‘கிரேக்க நகரங்கள்’ என்றொரு அரசு இருந்ததில்லை. தெர்மான், ஏட்டோலியக் கூட்டமைப்பின் மையம். ஸ்பார்ட்டாவுக்குத் தனி அரசர்கள். ரோட்ஸ், வணிகத்தால் செழித்த தன்னாட்சித் தீவு. பெர்கமான், தனிக் குடும்பம் ஒன்றின் ஆட்சியில் இருந்தது. சிராக்கூசின் ஆட்சி இரண்டாம் ஹியரோனிடம் இருந்தது. அவர் கி.மு. 263-இல் ரோமோடு உடன்படிக்கை செய்து, இறக்கும்வரை அதன் நட்பைக் காத்தார். அவருக்குப் பின் அந்நகரம் பக்கம் மாறியது, கி.மு. 212-இல் ரோமானியரிடம் வீழ்ந்தது. கணித மேதை ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டது அப்போதுதான்.

இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டிய ஆட்டக்காரர்கள் சிலர், ‘யூரோப்பா பார்பரோரம்’ என்ற மாற்றுப் பதிப்பை உருவாக்கினர். அதில் இத்தரப்பு ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, ரோட்ஸ் ஆகியவற்றின் கூட்டணியாக மாற்றப்பட்டது. ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் எகிப்தின் ஆதரவோடு மாசிடோனியாவை எதிர்த்த வரலாற்றுப் போரை அது நினைவூட்டுகிறது. அப்போரில் ஸ்பார்ட்டா அரசர் அரேயஸ் கொரிந்து அருகே உயிரிழந்தார். பின்னர் ஏதென்ஸ் சரணடைந்தது.

கொரிந்து என்ற ஒரே நகரத்தை எடுத்துக்கொண்டாலே வேறுபாடு தெளிவாகும். விளையாட்டில் கிரேக்கத் தரப்பை ஏற்பவருக்கு அதைக் கைப்பற்றுவது இயல்பான முதல் இலக்கு. ஸ்பார்ட்டாவுக்கு வடக்கே செல்லும் நிலவழியை அது திறக்கிறது. சில சுற்றுகளில் அதை முடித்துவிடலாம். பிறகு ஏதென்சையும் சேர்த்தால் தென்கிரேக்கம் ஒரே நிலமாகும்.

வரலாற்றிலும் கொரிந்து மீட்கப்பட்டது. கி.மு. 243-இல் அகேயக் கூட்டமைப்பின் தலைவர் அராட்டஸ், இரவுத் தாக்குதலில் அதன் மலைக்கோட்டையை மாசிடோனியரிடமிருந்து கைப்பற்றினார். ஆனால் சுமார் 20 ஆண்டுகள் கழித்து, ஸ்பார்ட்டா அரசர் கிளியோமெனிசின் எழுச்சியை அஞ்சிய அதே அராட்டஸ், மாசிடோனியாவின் உதவிக்கு விலையாக அக்கோட்டையை அதற்கே திருப்பிக் கொடுத்தார். கி.மு. 222-இல் செல்லாசியா போரில் மாசிடோனியரும் அகேயரும் சேர்ந்து ஸ்பார்ட்டாவை முறியடித்தனர். கி.மு. 146-இல் ரோமானியத் தளபதி மும்மியஸ் கொரிந்தை அழித்தபோது, அதைக் காக்க ஒன்றுபட்ட கிரேக்கம் இருக்கவில்லை.

விளையாட்டு தரும் பெரிய சலுகை இதுவே. தெர்மானின் வரிப்பணத்தில் ஸ்பார்ட்டாவின் படைக்கூடத்தைக் கட்டலாம். ரோட்சின் வணிக வருவாயைச் சிராக்கூசின் மதிலுக்குச் செலவிடலாம். எந்த நகரமும் மறுப்புக் கூறாது. எந்த அரசரும் அண்டை நகரத்தை அஞ்சிப் பகைவரை அழைக்க மாட்டார். சிதறிய நிலம், திரும்பத் தெரியாத படை, நெருங்கி வரும் ரோம் என மற்ற இடர்கள் எல்லாம் அப்படியே உள்ளன. இருந்தும் பொறுமையுள்ள ஆட்டக்காரர் வெல்கிறார் என்றால், ஐந்து நகரங்களின் கருவூலத்துக்கும் ஒரே திறவுகோல் அவர் கையில் இருப்பதே காரணம்.