காலிப் புட்டியின் விலை

கோலி சோடாக் கடைக்காரரை நம் நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் சோடாவைக் குடித்து முடிக்கும் வரையில் அவருடைய ஒரு கண் வியாபாரத்திலும் மற்றொரு கண் நம் கையிலுள்ள சீசாவிலும் இருக்கும். சீசாவோடு பத்தடி நகர்ந்தால் போதும், குரல் வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், சீசாவுக்கென்று முன்பணம் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். கோலிக்கு ஆசைப்பட்டுச் சிறுவர்கள் உடைத்தவை போக, மற்றச் சீசாக்களெல்லாம் கடைக்கும் சோடாக் கம்பெனிக்குமாக வருஷக்கணக்கில் பிரயாணம் செய்துகொண்டிருந்தன.

அந்தச் சின்ன வியாபாரிக்குத் தெரிந்திருந்த வித்தை, தமிழ் நாட்டின் மிகப் பெரிய புட்டி வியாபாரிக்கு வெகுகாலம் தெரியாமலிருந்தது. ஸர்க்காருக்குச் சொந்தமான தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தைத்தான் சொல்லுகிறோம். டாஸ்மாக் என்றால் குழந்தைக்கும் தெரியும். 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று ஏற்பட்ட இந்தக் கழகம், 2003-ஆம் வருஷக் கடைசியில் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றுக்கொண்டது. அன்று முதல் நாட்டில் விற்பனையாகும் மதுப் புட்டிகள் அநேகமாக எல்லாம் இந்த ஒரே கை வழியாகத்தான் போகின்றன. போன புட்டி என்ன ஆயிற்று என்று மட்டும் அந்தக் கை வெகுநாள் வரையில் விசாரிக்கவில்லை.

1937-ல் சேலம் ஜில்லாவில் மது விலக்கைத் தொடங்கிய நாட்டில் இப்படி ஒரு கடை எதற்கு என்று நேயர்களில் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நாமும் அவர்கள் கட்சிதான். ஆயினும் கடை திறந்திருக்கும் வரையில் காலிப் புட்டி தரையில் விழுந்துகொண்டேயிருக்கும். குடிக்காதவர்களின் காலையும் அது குத்தும். நாற்று நடும் பெண்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார்கள். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கண்ணாடிச் சில்லை யார் காண முடியும்? நடவுக் காலத்தில் பாதம் அறுபட்டால், ஆஸ்பத்திரிச் செலவு ஒரு புறமிருக்க, பருவத்துக் கூலியும் போய்விடும்.

நீலகிரியிலே இந்தத் துன்பம் யானைக்கும் வந்தது. காட்டோரம் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டு, புட்டியைப் பாறையில் அடித்து உடைப்பதில் சிலருக்கு ஏனோ ஓர் ஆனந்தம். யானையின் பாதம் பார்ப்பதற்குத்தான் தூண் மாதிரி. அடிப்பாகம் மெத்தை போல மிருதுவானது. அதில் சில்லு ஏறிவிட்டால் புண் சீழ் பிடிக்கும். இரை தேடித் தினமும் வெகுதூரம் நடக்க வேண்டிய பிராணி நடக்க முடியாமல் போனால், அதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வனங்களின் பாதுகாப்பைப் பற்றிய வழக்குகளை விசாரித்து வந்த சென்னை ஹைகோர்ட், 2022-ல் இந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. வழி செய்யாவிட்டால் மலைப் பிரதேசக் கடைகளை மூடும்படி நேரிடும் என்று கண்டிப்பும் காட்டிற்று. கடை மூடப்படும் என்றவுடன் கழகத்துக்கு வழி தோன்றிவிட்டது! அந்த வருஷம் மே மாதம் முதல் நீலகிரிக் கடைகளில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் அதிகமாக வாங்கி, அடையாளச் சீட்டு ஒட்டிய காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு அந்த 10 ரூபாயைக் கொடுத்தார்கள். கோலி சோடாக்காரரின் சாஸ்திரமேதான், வேறொன்றுமில்லை. நாளடைவில், விற்ற புட்டிகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் திரும்பி வரலாயின. குடித்தவன் கொண்டுவராவிட்டாலும், வழியில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வர ஓர் ஏழை இருந்தான். பிறகு கோயமுத்தூர், பெரம்பலூர் முதலிய ஜில்லாக்களுக்கும் ஏற்பாடு பரவிற்று.

இதில் சங்கடம் இல்லாமலில்லை. கடைச் சிப்பந்திகள் பலமாக ஆட்சேபித்தார்கள். குறுகலான கடையில் நிறைந்த புட்டிகளுக்கே இடம் போதாது; நாற்றமடிக்கும் காலிப் புட்டிகளை எங்கே அடுக்குவது, யார் எண்ணுவது, உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. காலிப் புட்டிக்கென்று தனி இடமும் தனி ஆளும் கொடுக்காமல், இருக்கிறவன் தலையிலேயே சுமத்தினால் எந்த நல்ல திட்டமும் நொண்டும். திரும்பி வராத புட்டிகளின் பணம் ஒன்று இருக்கிறதல்லவா? அது பொக்கிஷத்தில் கலந்துவிடாமல், இந்த இடத்துக்கும் ஆளுக்கும், காட்டையும் வயலையும் சுத்தம் செய்வதற்கும் செலவாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

புட்டி கடைக்குத் திரும்பியதோடு வேலை பாதிதான் முடிந்தது. கண்ணாடி என்பது மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து, சுமார் 1,500 டிகிரி சூட்டில் உருகி உண்டாவது. பழைய உடைசலைக் கலந்து உருக்கினால் எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும். 10 பங்கு உடைசலுக்குச் சுமார் 3 பங்கு மிச்சம் என்பது கணக்கு. ஆனாலும் உலை எரிந்துதான் ஆகவேண்டும். கழுவி மறுபடி நிரப்பினாலோ உலைக்கே வேலை இல்லை.

இந்த விஷயத்தில் கடல் கடந்த ஒரு ஸர்க்கார் கடையின் அநுபவம் பயன்படும். கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் மது விலக்கு எடுபட்டதும், 1927-ல் மது விற்பதற்கென்று ஸர்க்கார் போர்டு ஒன்று ஏற்பட்டது. 2007 முதல் அங்கே சிறு புட்டிக்கு 10 ஸென்டும் பெரிய புட்டிக்கு 20 ஸென்டும் முன்பணம். அதோடு நிற்காமல், சாதாரண விலையுள்ள திராட்சை மதுவுக்கு முக்கால் லிட்டர் புட்டியின் எடை 420 கிராமுக்கு மேற்படக் கூடாது என்று விற்க வருகிறவர்களுக்கு நிபந்தனை விதித்தார்கள். புட்டி கனத்திருந்தால் சரக்கும் உசத்தி என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு பிரமை உண்டு. அந்தப் பிரமைக்காக எத்தனை மணல் உருகி, எத்தனை கப்பல் சுமந்தது! அந்த நாட்டுப் பீர்க் கம்பெனிகள் 1992-ல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே அச்சில் புட்டி வைத்துக்கொண்டன. யார் புட்டியை யார் வேண்டுமானாலும் கழுவி நிரப்பலாம். சராசரி 15 தடவை அது மறுபிறவி எடுக்கிறது.

அங்கேயும் எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. 2023-ல் காகிதப் பைகளை நிறுத்தினார்கள். மறு வருஷமே மாகாணப் பிரதம மந்திரி பைகளைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஸர்க்கார் கடைக்கு இப்படியும் ஒரு தொல்லை!

நம் நாட்டிலோ ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரைக் கண்ணாடியிலேயே பொறித்து, ஒன்று சப்பையாகவும் ஒன்று உருண்டையாகவும் புட்டி செய்கிறது. கழகம் ஒன்றே வாங்குகிற இடம். ‘கால் புட்டியெல்லாம் இந்த ஒரே அச்சில், இந்த எடைக்கு மேற்படாமல் வரட்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டோம்’ என்று ஓர் உத்தரவு போட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. கொள்முதல் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த வீட்டுக்காரரான கேரள ஸர்க்கார், நீலகிரி அநுபவத்தைப் பார்த்து, 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் ஜில்லாக்களின் சில கடைகளில் பரீட்சார்த்தமாக இதைத் தொடங்கியது. அங்கே முன்பணம் 20 ரூபாய். பிளாஸ்டிக் புட்டிக்கும் அது உண்டு.