கடுவ என்னும் வாள்

கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் 1952ஆம் ஆண்டில் ஹந்தானை மலையடிவாரத்துப் பேராதனையில் வந்தமர்ந்தது. அந்நாளில் அங்கே பாடமொழி ஆங்கிலமே. 1960 முதல் சிங்களமும் தமிழும் பாடமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். ஆங்கிலம் தனியொரு பாடமாக ஒதுங்கிற்று. ஒதுங்கினும், நல்ல உத்தியோகத்தின் வாயிலில் அதுவே காவல் நின்றது.

அம்மாணவரிடையே ஆங்கிலத்துக்கு வழங்கிய பெயர் 'கடுவ'. சிங்களத்தில் வாள் என்று பொருள். எத்துணைக் கூர்மையான பெயர்! மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்த தம் கட்டுரைக்கு இச்சொல்லையே தலைப்பாக்கினார்.

கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்க வரும் ஆசிரியர், பின்வரிசையில் எழும் கேலிச் சிரிப்பைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பென்றே கொள்ளுகின்றார். பெரும்பாலும் அது அச்சத்தின் வேடமாகும். பிழைபடப் பேசினால் தோழர் நகைப்பர். பிழையின்றிப் பேசினாலோ, பெருமைக்காரன் என்று நகைப்பர். வாய் திறவாமல் பிறரைச் சிரிக்க வைப்பவனே தப்புகின்றான். பள்ளிச் சிறுவரிடத்தும் இதே நிலைதான்.

கண்டிப்பு வேண்டாமென்பதில்லை. பிறரைப் புண்படுத்தும் சொல்லை அன்றே கண்டித்தல் வேண்டும். ஆயினும் வகுப்புக் கலைந்தபின், தனியே. பலர்முன் திருத்துவது காயத்தை ஆழமாக்கும். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டால், தயங்கும் நாவும் மெல்ல எழும்.

இன்னொன்றும் செய்யலாம். நாளுக்கொரு தமிழ்ச் சொல்லையோ சிங்களச் சொல்லையோ மாணவரிடமே ஆசிரியர் கற்கலாம். ழகரத்தில் அவர் நா இடறும், வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் அடக்க வேண்டியதில்லை.