ஆய்வேட்டின் பக்க அமைப்பும் பிரிவு முறிப்பும்

ஆய்வேடு ஒரே நூலாயினும் அதன் பக்கங்கள் அனைத்தும் ஒரே அமைப்பின அல்ல. முகவுரையும் பொருளடக்கமும் உரோமன் எண்களைப் பெறும். இயல்கள் 1 முதலான எண்களைப் பெறும். பாடவேறுபாட்டு அட்டவணை அகன்ற பக்கத்தை வேண்டும். சொல்லடைவு இரு நிரல்களாக அமைதல் சிறப்பு. இவற்றை ஒரே கோப்பினுள் அமைத்தற்குரிய கருவியே பிரிவு முறிப்பு. மைக்ரோசாப்ட் வேர்டில் அதன் இயல்பு யாது என்பது ஈண்டு விளக்கப்படும்.

பக்க முறிப்பும் பிரிவு முறிப்பும் ஒன்றெனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. பக்க முறிப்பு எழுத்தை அடுத்த பக்கத்திற்குத் தள்ளும், அவ்வளவே. பிரிவு முறிப்போ தாளின் அளவு, கிடக்கை, ஓர வெளி, நிரல், பக்க எண், பக்கத் தலைப்பு ஆகியவற்றைப் பிரிவுதோறும் வேறுபடுத்த இடந்தரும்.

அது நால்வகைப்படும். அடுத்த பக்கத்தில் புதுப்பிரிவைத் தொடங்குவது ஒன்று. அதே பக்கத்தில் தொடர்வது மற்றொன்று. சொல்லடைவின் தலைப்பை முழு அகலத்தில் நிறுத்தி, அதன்கீழ் இரு நிரல் அமைக்க இது பயன்படும். ஏனைய இரண்டும் முறையே இரட்டை எண் பக்கத்திலும் ஒற்றை எண் பக்கத்திலும் தொடங்குவன. ஒவ்வோர் இயலும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டின் இறுதி வகையைக் கொள்க.

இனி, இடர் விளையும் இடத்தைக் காண்போம். ஒரு பிரிவின் அமைப்பு அதன் தொடக்கத்தில் இல்லை. அதன் முடிவிலுள்ள முறிப்பிலேயே தங்கியுள்ளது. தமிழ்த் தொடரில் இறுதியில் நிற்கும் வினைமுற்றை நீக்கினால், முன்னுள்ள சொற்கள் அடுத்த தொடரின் வினையைச் சென்று சாரும். அதுபோலவே, முறிப்பை அழித்தால் அதற்கு முன்னுள்ள பிரிவு பின்னுள்ள பிரிவின் அமைப்பை ஏற்கும். அகன்ற அட்டவணைக்கு முன்னுள்ள முறிப்பை அழித்தால் முந்தைய இயல் முழுதும் கிடைப்பக்கமாகும். பின்னுள்ளதை அழித்தால் அட்டவணை நெடும்பக்கத்தில் நெருக்குண்ணும். எனவே அட்டவணைக்கு முன்னும் பின்னுமாக இரு முறிப்புகளும் இன்றியமையாதன. கோப்பின் இறுதிப் பிரிவுக்கு உரிய அமைப்பு, இறுதிப் பத்திக்குறியில் அடங்கும்.

பக்கத் தலைப்பின் நெறி வேறு. புதுப்பிரிவின் தலைப்பு, முந்தைய பிரிவின் தலைப்போடு இயல்பாகவே இணைந்து நிற்கும். ஆதலின் இரண்டாம் இயலின் தலைப்பை மாற்றினால் முதல் இயலின் தலைப்பும் மாறும். முதலில் இவ்விணைப்பை நீக்கிப் பின்னரே திருத்துதல் வேண்டும். பக்கத்தின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இணைப்பைத் தனித்தனியே நீக்குதல் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. பக்க எண் முந்தைய பிரிவிலிருந்து தொடர்வதா, 1 எனத் தொடங்குவதா என்பதையும் பிரிவுதோறும் தனியே வரையறுக்கலாம்.

இது வெறும் அழகு பற்றிய செய்தி அன்று. கையால் தொகுத்த சொல்லடைவு பக்க எண்ணையே பற்றி நிற்பது. ஒரு முறிப்பு அழிந்து எண்கள் பிறழ்ந்தால், பல்லாண்டு உழைப்பில் விளைந்த அடைவு பயனற்றதாகும். எனவே மறைகுறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி, முறிப்புகள் கண்ணுக்குப் புலனாக வைத்துக்கொண்டே திருத்துக. பிரிவுகள் அனைத்தையும் நிலைபெறுத்தி, எண்களைச் சரிபார்த்த பின்னரே அடைவைத் தொகுக்கத் தொடங்குதல் நன்று.