பழகிய நாய் திடீரென்று பல்லைக் காட்டினால்...

பதின்மூன்று வருடமாக வாலாட்டிக்கொண்டிருந்த நாய், ஒரு நாள் காலையில் வீட்டுக் குழந்தையின் கையைக் கவ்வி விட்டது. மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில், 2023-ம் ஆண்டு தசரா முடிந்த மறுவாரம் நடந்தது இது. யாரோ வீட்டுக் கதை அல்ல. என் வீட்டுக் கதைதான்.

நாயின் பெயர் மணி. சாதாரண நாட்டு நாய். வேலை மாற்றலாகி ஊர் போன பக்கத்து வீட்டுக்காரர் குட்டியாக விட்டுப் போனது. நான் ஆபீசு விட்டு வரும்போது சந்து முனையிலேயே காத்திருக்கும். என் மகன் தவழ்ந்த காலத்தில் அதன் வாலைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான். அவனுக்கு இப்போது எட்டு வயது. அன்று காலை, திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த மணியின் தாடையைத் தடவிக்கொடுக்கப் போயிருக்கிறான். "லொள்" என்று ஒரு பாய்ச்சல். பையனின் புறங்கையில் பல் பதிந்து ரத்தம் வந்து விட்டது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் சந்து முழுவதும் கூடி விட்டது. எதிர் வீட்டு அம்மாள் "ஹுச்சு நாயி! ஹுச்சு நாயி!" என்று கன்னடத்தில் அலறினார். வெறி நாய் என்று பொருள். ஒருவர் தடி எடுத்து வந்தார். இன்னொருவர், "ஆட்டோவில் போட்டுச் சாமுண்டி மலை அடிவாரத்தில் விட்டு விடுங்கள், சிறுத்தை பார்த்துக்கொள்ளும்" என்று யோசனை சொன்னார். என் தாயாரோ, "ஏம்ப்பா, வயசான நாய் வீட்டிலே இருக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேனே" என்றார். அவர் அப்போது சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் பிள்ளை

நாயைப் பற்றி யோசிக்க அது நேரம் இல்லை. என் மனைவி பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், காயத்தில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவினாள். இது மிகமிக முக்கியம். வெறிநோய்க் கிருமியில் பெரும்பகுதியைச் சோப்பும் தண்ணீருமே அடித்துக்கொண்டு போய் விடும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் என்று எதையும் அப்பக் கூடாது. கட்டும் போடக் கூடாது.

அடுத்தது அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்பதால், தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்தினார்கள். மீதி ஊசிகளுக்கு வரவேண்டிய நாட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் நம்மவர்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது ஊசி கையில்தான். அதற்குப் பயந்து வீட்டில் உட்காருவது உயிரோடு விளையாடுவது. வெறிநோய் அறிகுறி மனிதனுக்குத் தெரிய ஆரம்பித்து விட்டால் அதன் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

"வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்த்து விட்டு ஊசி போடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஊசியை அன்றே ஆரம்பித்து விட்டு, அதன் பிறகுதான் நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

"நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருடா வருடம் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியை, கிழ நாய்தானே, எங்கே வெளியே போகிறது என்று இரண்டு வருடமாகப் போடவில்லை. தப்பு என்னுடையது.

பசு ஆஸ்பத்திரி

மறுநாள் லீவு போட்டு விட்டு மணியைக் கயிற்றில் கட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஊரில் நாம் மாட்டாஸ்பத்திரி என்போமே, அது இங்கே "பசு ஆஸ்பத்திரி". கன்னடத்தில் பசு என்றால் எல்லாக் கால்நடைக்கும் பொது. போர்டைப் பார்த்து, மாட்டுக்கு மட்டும்தான் வைத்தியம் என்று நினைத்துத் திரும்பிய தமிழர்கள் உண்டு. நானே முன்பு ஒரு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

டாக்டர் வாயருகே கையைக் கொண்டு போகவில்லை. தள்ளி நின்றபடியே நிறையக் கேள்விகள் கேட்டார். "இன்றைக்கு நேற்றுத்தான் மாறியதா, கொஞ்ச நாளாகவே மாறி வருகிறதா?"

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நாலைந்து மாதமாகவே மணி ராத்திரியில் தூங்குவதில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கும். நகம் தரையில் படும் சத்தம் கேட்டு நான் எரிந்து விழுவேன். சில சமயம் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டு விட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்று காத்திருக்கும். ஒரு நாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாத நாய், அம்மாவின் பாயருகே சிறுநீர் கழித்தது. தட்டில் போட்ட எலும்பை முகர்ந்து விட்டுப் போய் விடும். சந்து முனையில் காத்திருப்பதும் எப்போதோ நின்று போயிருந்தது. திடீரென்று மாறி விட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் திடீரென்று நடந்தது கடி ஒன்றுதான்.

"மாதக்கணக்கில் மெள்ள மெள்ள வந்த மாறுதல் வெறிநோயாக இருப்பது அபூர்வம்" என்றார் டாக்டர். வெறிநோய் கண்ட நாய் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும். குரல் மாறும், எச்சில் ஒழுகும், தாடை தொங்கும், விழுங்க முடியாது, பின்னங்கால் இழுக்கும். எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதும் இல்லை. சில நாய்கள் இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தே இறந்து விடும். எப்படியானாலும் அறிகுறி தெரிந்த பத்து நாட்களுக்குள் முடிவு வந்து விடும். இருந்தாலும் ஊசி போடாத நாய், கடித்திருக்கிறது. ஆகவே பத்து நாள் தனியாகக் கட்டிப் போட்டுக் கவனிக்கச் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே கட்டி, நீளக் குச்சியால் தட்டைத் தள்ளிச் சாப்பாடு கொடுத்தோம். அந்தப் பத்து நாளும் சந்தில் எங்களோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

பதினோராவது நாள் மணி வழக்கம்போல எழுந்து தண்ணீர் குடித்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாய்க்குள்ளே காரணம்

இந்த முறை வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது மேல் தாடையில் ஒரு கடைவாய்ப் பல் அழுகி, வேரில் சீழ் வைத்திருந்தது. பையன் தடவியது அந்த இடத்தைத்தான். தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தார் டாக்டர். மணி திரும்பவே இல்லை. காது ஏறக்குறையக் கேட்கவில்லை. கண்ணிலும் புரை. காது கேளாமல் தூங்கும் நாயின் வலிக்கிற தாடையில் திடீரென்று ஒரு கை விழுந்தால் அது வேறு என்ன செய்யும்?

வயதான நாய் குணம் மாறினால் முதலில் வலியைத் தேட வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். பல், மூட்டு, காது, முதுகு. அதிகமாகத் தண்ணீர் குடித்து வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் நீரிழிவோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் என்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் நம் பக்கத்தில் சாதாரணம்.

இன்னொன்று. கிழ நாய் திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கண் விழிகள் துடிக்க, குடித்தவன்போலத் தள்ளாடி விழும். பக்கவாதம், கதை முடிந்தது என்று நாம் நினைப்போம். பல சமயம் அது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பின் கோளாறு. இரண்டு மூன்று நாளில் குறைய ஆரம்பித்து, சில வாரங்களில் நாய் நடமாடத் தொடங்கி விடும். அதற்குள் அவசரப்பட்டு "தூங்க வைத்து" விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உடம்பில் எல்லாம் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் மூளையின் முதுமை. மனிதர்களுக்கு வரும் மறதி நோயைப்போல நாய்க்கும் உண்டு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் ஒருவகைப் புரதம் கிழ நாய்களின் மூளையிலும் படிகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயது நாய்களில் நூற்றுக்கு 28-க்கும், 15, 16 வயது நாய்களில் நூற்றுக்கு 68-க்கும் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது தெரிந்தது. இரவும் பகலும் மாறிப் போவது, வழி தெரியாமல் நிற்பது, பழகியவரை மறப்பது, பழகிய சுத்தம் போவது எல்லாம் இதில் அடக்கம். முழுக் குணம் கிடையாது. செலிஜிலின் என்ற மாத்திரையை 1998-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதித்தது. சில நாய்களுக்குக் கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது. டாக்டர் சொல்லாமல் அதை வாங்கக் கூடாது.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. நாய் முனகுகிறதே என்று நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து கொடுப்பவர்கள் உண்டு. இபுப்ரூபன் போன்றவை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கி விடும். பாரசிட்டமாலும் வேண்டாம்.

வீட்டில் செய்தது

ரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். வெறிநோய் ஊசியும் போட்டார்கள். உறுமல் ஒரு வாரத்தில் நின்றது. ராத்திரி நடை மட்டும் நிற்கவில்லை.

கூடத்தில் ஒரு சின்ன பல்பை விடிய விடிய எரிய விட்டோம். கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். வழுக்கும் இடத்தில் பழைய கோணிச் சாக்கு. சாயங்காலம் கொஞ்ச தூரம் நடை, படுக்கும் முன் ஒரு தரம் வெளியே. தூங்கும்போது யாரும் தொடக் கூடாது. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து தானாக விழித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தது என் மகன்தான். கடி வாங்கியவன் அவன், பயந்து ஒதுங்கி விடுவான் என்று நினைத்தேன். முதலில் ஒதுங்கியும் இருந்தான். ஒரு மாதம் கழித்து, பல் பிடுங்கின இடத்தைத் தூரத்திலிருந்து காட்டி, "அதுக்கும் வலிச்சிருக்கும் இல்லப்பா?" என்றான்.

பொறுக்க முடியாத வலி, எழுந்திருக்கவே முடியாத நிலை என்றால் டாக்டரே முடிவைச் சொல்வார். அது வேறு விஷயம். ஆனால் தெருவில் கொண்டு போய் விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அடிவாரத்தில் விடச் சொன்னவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டு விட்டு அரசியல் பேச ஆரம்பித்தார்.

தசரா ஊர்வலத்தில் பீரங்கி 21 முறை முழங்கும். யானைகளும் குதிரைகளும் மிரளக் கூடாது என்று முன்கூட்டியே வெடிச் சத்தம் எழுப்பிப் பழக்குவார்கள். அந்த நாட்களில் மணி எப்போதும் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கும். 2024 விஜயதசமியன்று முதல் வெடிச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். திண்ணையில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.