நாலு கிலோமீட்டர்ல நின்னுபோற ஆர்எக்ஸ் 100: பெட்ரோல் எங்க மாட்டுது?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் பெட்ரோல் வாசனை அடிக்கும். பழைய ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிறவங்க அடிக்கடி சொல்ற புகார் இது. கிக் அடிச்சதும் ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் அருமையா இருக்கு, மூணு நாலு கிலோமீட்டர் போனதும் திணறி நின்னுடுது. ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. திரும்பவும் நாலு கிலோமீட்டர், திரும்பவும் டீக்கடை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனா பல இடத்துல முதல் பதிலே, "கார்ப்பு போச்சு தம்பி, புதுசு மாட்டிடலாம்." அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க. இந்த வண்டி இங்க தயாரானது 1985ல இருந்து 1996 வரைக்கும்தான். அதோட வந்த மிக்குனி கார்புரேட்டரைக் கழட்டிக் கொடுத்துட்டு ஒரு காப்பியை மாட்டிக்கிட்டா, ஒரிஜினலைத் தேடி அப்புறம் அலையணும். பிரச்சனை வெறும் டேங்க் மூடியில இருந்திருந்தா எவ்வளவு வயிறு எரியும்!

அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோல் வரத்து குறைஞ்சா மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சூடு ஏறும், பிஸ்டன் விரியும், சிலிண்டரைப் பிடிச்சுக்கும். 'எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு'ன்னு சொல்றது இதைத்தான். ஓடிக்கிட்டு இருக்கும்போது பிடிச்சா பின் சக்கரம் லாக் ஆகி ஆளையே தூக்கிப் போடும். ஆர்எக்ஸ்ல ஆயில் பம்ப் தனியா வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும், ஆனா அது மட்டும் இந்தச் சூட்டைத் தாங்காது. அதனால திணறுற வண்டியை இன்னும் முறுக்கிப் பார்க்காதீங்க. கிளட்ச்சைப் பிடிச்சு ஓரம் கட்டுங்க.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? கோடுல பக் தேடும்போது ஆயிரம் கமிட்டையும் வரிசையா பார்க்க மாட்டோம், நடுவுல வெட்டி எந்தப் பாதியில இருக்குன்னு பார்ப்போம் இல்லையா? இங்க அந்த நடுப்புள்ளி கார்புரேட்டருக்கு அடியில இருக்கிற ஃப்ளோட் பவுல். வண்டி நின்ன உடனே பெட்ரோல் டேப்பை மூடுங்க. எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் பவுல்ல இருக்கிறதை ஒரு சின்ன பாட்டில்ல வடிச்சுப் பாருங்க. பவுல் காலின்னா பிரச்சனை மேல் பக்கம்: மூடி, டேங்க், டேப், ஹோஸ், ஃப்ளோட் நீடில். பவுல் நிறைய இருந்தா கீழ்ப்பக்கம்: ஜெட், இல்லன்னா கரண்ட். வெட்டவெளியில செய்யுங்க, பக்கத்துல பீடி சிகரெட் வேண்டாம்.

பவுல் காலின்னா நான் முதல்ல பார்க்கிறது டேங்க் மூடி. பெட்ரோல் கீழ இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும், அதுக்கு மூடியில ஒரு பொடி ஓட்டை உண்டு. முப்பது வருஷத் தூசியில அது அடைச்சிருக்கும். உள்ள வெற்றிடம் உருவாகும், பெட்ரோல் இறங்காம நின்னுடும். நீங்க டீ குடிக்கிற நேரத்துல காத்து மெதுவா கசிஞ்சு உள்ள போயிடும், வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அடுத்த தடவை நின்ன உடனே மூடியைத் திறங்க. 'உஸ்ஸ்'னு சத்தம் வந்து, கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிடுச்சுன்னா திருடன் மாட்டிக்கிட்டான். டேங்க் ஃபுல்லா இருக்கும்போதுதான் சீக்கிரம் நிக்குதுன்னா சந்தேகம் இன்னும் வலுவாகும், ஏன்னா மேல காத்துக்கு இடம் கம்மி.

மூடி நல்லா இருந்தா ஒரு ஃப்ளோ டெஸ்ட். ஹோஸை கார்ப் பக்கம் கழட்டி பாட்டில்ல விட்டு டேப்பைத் திறங்க. எவ்வளவு வரணும்? லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 60ல போகுதுன்னு வைங்க. மணிக்கு ஒன்றரை லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 25 மில்லி. முழுசா முறுக்கினா இதைப் போல பல மடங்கு கேக்கும். அதனால நிமிஷத்துக்கு 200 மில்லியாவது சீரா வரணும்னு நான் எதிர்பார்ப்பேன். முதல் பத்து செகண்ட் நல்லாத்தான் கொட்டும், அதுல ஏமாறாதீங்க. ரெண்டு மூணு நிமிஷம் விட்டுப் பாருங்க.

சொட்டுச் சொட்டா வருதுன்னா டேப்பைக் கழட்டுங்க. அதுல டேங்குக்குள்ள நிக்கிற உயரமான குழாய்தான் 'ஆன்', அடியில இருக்கிற வழிதான் 'ரிசர்வ்'. துருவும் கசடும் அடியிலதான் தங்கும். ஆன்ல ஓடுது, ரிசர்வ்ல மட்டும் திணறுதுன்னா டேங்க் துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். டேப்பை மட்டும் கழுவினா பத்து நாள் தாங்கும், டேங்கையும் சேர்த்துக் கழுவுங்க.

ஹோஸ் கீழ்நோக்கியே இறங்கணும், நடுவுல மேடு இருந்தா காத்துக் குமிழி மாட்டிக்கும். கார் கடையில வாங்கின ஃபில்டரை மாட்டாதீங்க. அதுல நிறைய மாடல் பம்ப் தள்ளுற வண்டிக்குச் செஞ்சது, நம்மளுது வெறும் புவியீர்ப்புல ஓடுது. இப்போ பங்க்ல வர்ற இ20 பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் செய்யப்படல. பழைய ஹோஸ் ஊதி உள்வட்டம் சுருங்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மிக்ஸ்சரையும் கொஞ்சம் லீன் பக்கம் தள்ளும். நல்ல ஹோஸுக்குச் செலவு பண்ணக் கஞ்சத்தனம் வேண்டாம்.

இது வரைக்கும் எல்லாம் சரியா இருந்தும் பவுல் நிரம்பலைன்னா ஃப்ளோட் நீடில் ஒட்டிக்கிட்டு இருக்கு. பவுல் நிரம்பியே இருந்து, ஸ்பார்க் பிளக்கும் ஈரமா இருந்தா பெட்ரோலை விட்டுடுங்க, இக்னிஷன் காயிலைப் பாருங்க. அதுவும் சூடானா செத்து, ஆறினா உயிர் பெறும், அதனாலதான் நிறைய பேர் குழம்புறாங்க. பவுல் நிரம்பியிருந்தும் பிளக் காய்ஞ்சிருந்தா ஜெட் அடைப்பு. அதைக் கம்பி விட்டுக் குத்தாம எப்படி கிளீன் பண்றதுன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.