உறிஞ்சும் உயிருக்கு என்ன விலை?

பிறர் உயிரை உறிஞ்சிப் பிழைக்கும் பாத்திரம் கதைகளுக்குப் புதிதல்ல. நம் ஊர்க் காட்டேரியைச் சொல்லித்தான் எத்தனை பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள்! ஆனால் கதையில் நடுங்க வைக்கும் அதே சக்தி கணினி விளையாட்டுக்குள் வந்ததும் பெரும்பாலும் சப்பென்று போய்விடுகிறது. எதிரியை அடித்தால் நமக்கு உயிர் ஏறும் என்று மட்டும் விதி வகுத்தால், அடித்துக்கொண்டே இருப்பவனுக்குச் சாவில்லை. சாவில்லாத இடத்தில் பயமும் இல்லை. ஆகவே எவ்வளவு உயிரை எடுக்கலாம் என்பதற்கு முன், எடுப்பவர் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முடிவுசெய்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்த இரண்டு விளையாட்டுகள் இதற்கு நல்ல சான்று.

அடிலெய்டின் டீம் செரி குழு 2017இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்'டில், எதிரியை ஒருமுறை வெட்டினால் 11 அளவு ஆன்மா கலத்தில் சேரும். கலம் கொள்வது 99. இழந்த உயிரில் ஒரு பங்கை மீட்க 33 செலவாகும். அதாவது மூன்று வெட்டுக்கு ஒரு பங்கு. கணக்கு எளிதுதான், சிக்கல் அதற்குப் பிறகு. உயிரை மீட்க வேண்டுமானால் போர் நடுவே அசையாமல் நிற்க வேண்டும்; அதற்குள் அடி விழுந்தால் முயற்சி கலைந்துவிடும். மந்திரத் தாக்குதலுக்கும் அதே 33தான். ஆக, எடுத்த ஆன்மாவைத் தன்னைக் காக்கச் செலவிடுவதா, எதிரியைத் தாக்கச் செலவிடுவதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இங்கே விலை நேரமும் ஆபத்தும்.

விலை வைத்தால் ஆட்டக்காரர் எரிச்சலடைவார் என்பார்கள். அது ஓரளவு உண்மை. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் இரத்தக்காட்டேரியின் ஒரு தாக்குதல், பாடுபட்டு ஏறிய நிலைகளில் இரண்டைப் பறித்துவிடும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, கடிபட்டவரின் உச்ச உயிர்அளவு மட்டும் குறைகிறது. நீண்ட ஓய்வெடுத்தால் அதுவும் திரும்பும். இதிலிருந்து விலையே கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. பல நாள் உழைப்பை ஒரே நொடியில் பறிப்பது தண்டனை. அந்தக் கணத்தில் முடிவெடுக்க வைப்பதுதான் விலை.

விலை வெறும் எண்ணாக இருந்தால் மனத்தைத் தொடாதே என்று இன்னொரு கேள்வி எழலாம். அதற்கு விடை மெல்பேர்ணில் இருக்கிறது. அங்குள்ள மாசிவ் மான்ஸ்டர் நிறுவனம் உருவாக்கி 2022இல் வெளிவந்த 'கல்ட் ஆஃப் தி லாம்ப்'பில், நாம் இயக்கும் ஆட்டுக்குட்டி தன் அடியார்களைப் பலியிட்டு ஆதாயம் பெறலாம். ஆனால் பலியாகிறவருக்குப் பெயர் உண்டு. நாமே பெயர் சூட்டவும் செய்யலாம். அவருக்குச் சோறு ஆக்கிப் போட்டதும் நோயில் படுக்க இடம் தந்ததும் நாம்தான். நேற்றுவரை விறகு வெட்டியவர் இல்லாமல் போனால் வேலையாள் ஒருவர் குறைகிறார்; பார்த்துப் பழகிய முகமும் குறைகிறது. இந்தப் பழக்கமே விலைக்குக் கனம் தருகிறது.

ஆகவே இத்தகைய பாத்திரத்தைப் படைக்க விரும்புவோர் சேத அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டாம். யாருடைய உயிர் போகிறது, அதை எடுக்கும்போது ஆட்டக்காரர் எதைப் பணயம் வைக்கிறார் என்ற இரண்டுக்கும் முதலில் விடை எழுதட்டும். அவை தெளிவானால் எண்களைப் பிறகு கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். அவை இல்லையென்றால் எந்த எண்ணாலும் அந்தச் சக்தியை அச்சமூட்டுவதாக ஆக்க முடியாது.